சிவசமுத்திரத்துக் கரண்டும் பெங்களூருக் குழாய்த் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர்த் தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மைசூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம் என்று ஒரு சுற்று கட்டாயம் உண்டு. போகிற வழியில் வண்டிக்குள் கேள்விகள் கிளம்பும். பள்ளிப் பிள்ளைகள் கேட்பதும் மதுரை மாமா கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

காவிரி எங்கே பிறக்கிறது? பனி உருகியா வருகிறது?

பனிக்கும் காவிரிக்கும் சம்பந்தமே இல்லை. குடகு மாவட்டத்தில், பிரம்மகிரி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,276 மீட்டர் உயரத்தில் தலைக்காவிரி. அங்கே பார்ப்பது ஒரு சிறிய குண்டிகையும் (ஊற்றுத் தொட்டி) அதன் முன்னால் ஒரு குளமும் மட்டுமே. ஐப்பசி முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் பொங்குவதைப் பார்க்க அங்கே கூட்டம் கூடும். கண்ணுக்கு ஆறாகத் தெரிவது கீழே பாகமண்டலத்தில், கன்னிகே ஆறு வந்து சேர்ந்த பிறகு.

ஆற்றை நிரப்புவது மழைதான். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிறது. குடகுத் தண்ணீர் காவிரி, ஹாரங்கி வழியாகவும், வயநாட்டுத் தண்ணீர் கபினி வழியாகவும், ஹாசன், சிக்கமகளூர் பக்கத்துத் தண்ணீர் ஹேமாவதி வழியாகவும் வருகிறது. இமயமலை ஆறுகளுக்குக் கோடையில் பனி கைகொடுக்கும். காவிரிக்கு அந்த வசதி கிடையாது. நாலு மாதம் பெய்ததை வைத்துத்தான் பன்னிரண்டு மாதமும் ஓட்ட வேண்டும். அணை, மின்சாரம், வழக்கு எல்லாமே இந்த ஒரு சங்கதியிலிருந்து கிளைத்தவை.

நீளம் சுமார் 800 கிலோமீட்டர். வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்குச் சற்று அதிகம் தமிழ்நாட்டில்.

இவ்வளவு பெரிய ஆற்றில் ஏன் சில இடங்களில் மட்டும் மின்சாரம் எடுக்கிறார்கள்?

நீர்மின்சாரத்துக்கு இரண்டு வேண்டும்: தண்ணீரின் அளவு, அது விழும் உயரம். இரண்டையும் பெருக்கித்தான் சக்தி. விநாடிக்கு ஒரு கனமீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், 100 மீட்டர் விழுந்தால் இயந்திர இழப்பு போகச் சுமார் 830 கிலோவாட் கிடைக்கும். அதே தண்ணீர் 10 மீட்டர் மட்டும் விழுந்தால் 83தான்.

காவிரி குடகிலிருந்து இறங்கியதும் மைசூர்ப் பீடபூமியில் சாவகாசமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறது. கண்ணம்பாடி (கே.ஆர்.எஸ்.) அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 752 மீட்டர். மேட்டூரின் முழு நீர்மட்டம் சுமார் 241 மீட்டர். இடையில் 500 மீட்டருக்கு மேல் இறக்கம், ஆனால் அது சீராகப் பரவியிருக்கவில்லை. சிவசமுத்திரத்தில் ஒரே மூச்சில் ஒரு குதி. பிறகு மேகதாட்டு, ஒகேனக்கல் பக்கம் பாறைப் பிளவுகளுக்குள் ஓர் ஓட்டம். மேட்டூர் தாண்டி ஈரோடு, கரூர், திருச்சி என்று போகும்போது ஆறு அகலமாகிறது, சரிவு குறைகிறது. மேட்டூர் அணையடி நிலையத்துக்கு 50 மெகாவாட், சுரங்க மின்நிலையத்துக்கு 200 மெகாவாட். அதற்குக் கீழே குறுக்கே கதவணை கட்டிச் சின்னச் சின்ன உயரத்தில் எடுக்கிறார்கள்.

காவிரிப் படுகையில் பெரிய உயரம் வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். 1932இல் தொடங்கிய பைகாரா மின்நிலையத்தில் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் மாயாறாகிப் பவானியில் சேர்ந்து, பிறகு காவிரிக்கு வருகிறது. குந்தாவும் அதே படுகைதான். ‘காவிரி மின்சாரம்’ என்றதும் நினைவுக்கு வருவது சிவசமுத்திரமும் மேட்டூரும். ஆனால் உழைப்பதில் பெரும்பங்கு நீலகிரியின் கிளை ஆறுகளுடையது.

சிவசமுத்திரத்தில் முதலில் மின்நிலையம் கட்டியது பெங்களூருக்காகத்தானே?

இல்லை, தங்கத்துக்காக. கோலார் தங்கவயலுக்காக.

1880களிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. ஆளையும் பாறையையும் மேலே இழுப்பதும், குவார்ட்ஸ் கல்லை இடிப்பதும், ஊறும் தண்ணீரை இறைப்பதும் நீராவி இயந்திரங்கள். அவற்றுக்குக் கரியும் விறகும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மைசூர் சமஸ்தானத்திடமோ விழுகிற தண்ணீர் சும்மா கிடந்தது.

திவானாக இருந்தவர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். 1883 முதல் 1901 வரை திவான் பதவியில் இருந்தவர். திட்டத்தைத் தொழில்நுட்பமாக வடித்தவர் கனடாவிலிருந்து வந்த ராணுவப் பொறியாளர் ஜோலி டி லாட்பினியர். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், விசையாழிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ். இரும்புச் சாமான்கள் கப்பலில் வந்து, ரயிலேறி, கடைசித் தூரத்தை மாட்டு வண்டியிலும் யானை இழுப்பிலும் கடந்தன.

1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலை எட்டியது. இடையில் 92 மைல், சுமார் 148 கிலோமீட்டர். அன்றைக்கு உலகின் மிக நீளமான மின்பாதைகளில் இதுவும் ஒன்று. குறைந்த அழுத்தத்தில் அனுப்பினால் அவ்வளவு தூரக் கம்பியிலேயே பாதி சக்தி சூடாகப் போய்விடும் என்பதால் 30,000 வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பினார்கள். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 720 கிலோவாட் கொண்ட ஆறு இயந்திரங்கள். இன்றைய கணக்கில் மொத்தம் நாலேகால் மெகாவாட் சொச்சம். சிரிக்க வேண்டாம், அன்றைக்கு அது பிரம்மாண்டம்.

சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901 செப்டம்பரில் காலமானார். பெங்களூரின் சேஷாத்ரிபுரம் அவர் பெயர்தான். கப்பன் பார்க்கில் சிலையும் இருக்கிறது. அந்தப் பக்கம் நடைப்பயிற்சி போகிறவர்களில் எத்தனை பேர் அவரையும் வீட்டு ஸ்விட்சையும் சேர்த்து நினைப்பார்களோ தெரியாது.

தங்கவயல் தமிழர்களுக்கும் இந்த மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு?

சுரங்கத்தின் அடியில் வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து போன தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். காற்றைக் குளிரவைத்து உள்ளே தள்ளவும், கூண்டை இறக்கி ஏற்றவும், ஊற்றை இறைக்கவும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் கீழே இருப்பவர் கதி? அதனால்தான் தங்கவயலுக்குத் தடையில்லாத மின்சாரம் என்பதில் சமஸ்தானம் அவ்வளவு கறாராக இருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி கன்டோன்மென்டில் இறங்கி, ராத்திரி அதே ரயிலில் திரும்பும் கூட்டம் இன்றைக்கும் உண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ‘மைசூரு அரண்மனைக்கு முன்னாடியே எங்களுக்குக் கரண்ட் வந்துச்சு’ என்பார்கள். அது உண்மை.

பெங்களூரில் விளக்கு எப்போது எரிந்தது? ஆசியாவிலேயே முதல் நகரம் என்கிறார்களே?

1905 ஆகஸ்ட் 5. தங்கவயலுக்குப் போக மிஞ்சியது பெங்களூருக்கு வந்தது. தெருவிளக்கு எரிந்தது இன்றைய கே.ஆர். மார்க்கெட் வட்டாரத்தில். மைசூருக்கு 1908இல்தான் கிடைத்தது.

‘ஆசியாவிலேயே முதல்’ என்பது ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம்ப வேண்டாம். டோக்கியோவின் கின்சா தெருவில் 1882இலேயே மின்விளக்கு எரிந்தது. கல்கத்தாவில் 1899இல் மின் வினியோகம் தொடங்கிவிட்டது. ‘இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம்’ என்பதும் சிவசமுத்திரத்துக்குப் பொருந்தாது. டார்ஜிலிங் அருகே சிட்ராபாங்கில் 1897இல் 130 கிலோவாட் அளவில் ஒன்று ஓடியது. சிவசமுத்திரத்தின் சிறப்பு வேறு: பெரிய அளவில் எடுத்து, நெடுந்தூரம் கொண்டுபோய், ஒரு தொழிலையே அதில் ஓட்டிக்காட்டியது.

கண்ணம்பாடி அணை பாசனத்துக்குக் கட்டியதா, மின்சாரத்துக்கா?

இரண்டுக்கும். ஆனால் மின்சாரத்தின் பங்கை நாம் மறந்துவிடுகிறோம். சிவசமுத்திரத்தில் அப்போது தேக்கம் கிடையாது. ஆற்றில் வருவதைக் கால்வாயில் திருப்பிக் குழாயில் இறக்கினார்கள். மழைக்காலத்தில் தாராளம். மார்ச், ஏப்ரலில் ஆறு மெலிந்தால் சுரங்கத்துக்கு வாக்குக் கொடுத்த மின்சாரத்தைத் தர முடியாது. மேலே ஓர் அணை கட்டிக் கோடையிலும் சீராகத் திறந்துவிட வேண்டும் என்ற வாதம் அங்கிருந்து பலம் பெற்றது. 1911இல் வேலை தொடங்கியது, விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது.

சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914இல் நடுவர் தீர்ப்பு, அதற்கும் மேல்முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம். மைசூருக்குக் கண்ணம்பாடி (124.80 அடி, 49.45 டிஎம்சி), சென்னைக்கு மேட்டூர் (120 அடி, 93.47 டிஎம்சி, 1934இல் முடிந்தது) என்று ஆனது.

மின்சாரம் எடுத்தால் தண்ணீர் குறையுமா?

ஒரு சொட்டும் குறையாது. விசையாழியைச் சுற்றிவிட்டு அப்படியே ஆற்றுக்குத் திரும்பும். ‘சத்தெல்லாம் போய்விடும்’ என்று டெல்டாவில் சிலர் சொல்வார்கள், அதில் ஒன்றுமில்லை.

குறையாது, ஆனால் நேரம் மாறும். மின்சாரத்துக்கு வருஷம் முழுக்கச் சீரான தண்ணீர் வேண்டும். குறுவைக்கு ஜூன், ஜூலையில் மொத்தமாக வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்பதும் எவ்வளவு வரும் என்பது போலவே பெரிய சண்டை. மேட்டூரை ஜூன் 12 அன்று திறப்பது ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்பதும் இதனால்தான்.

அருவிக்கும் ஒரு விலை உண்டு. மின்நிலையக் கால்வாய்க்குத் திருப்பிய தண்ணீர் சிவசமுத்திரத்தின் இரண்டு அருவிகளான ககனசுக்கியிலும் பரசுக்கியிலும் விழாது. கோடையில் போய் வெறும் பாறையைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர்.

இன்றைக்கு என் வீட்டு ஃபேன் காவிரி மின்சாரத்தில்தான் ஓடுகிறதா?

பில் கொடுப்பது பெஸ்காம் என்ற மின்வினியோகக் கம்பெனி. மின்சாரம் வருவது எல்லாம் கலந்த பொது வலையிலிருந்து. சிவசமுத்திரம் இப்போது 42 மெகாவாட், பக்கத்திலுள்ள சிம்ஷா 17.2 மெகாவாட். ஷராவதி மின்நிலையம் ஒன்றே 1,035 மெகாவாட். மேலே ராய்ச்சூர் அனல் மின்நிலையம், பாவகடா சூரிய மின் பூங்கா. இவற்றுக்கு நடுவே சிவசமுத்திரம் ஒரு தாத்தா. இன்னும் வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் காவிரியும் பெங்களூர் மின்சாரமும் இப்போது சம்பந்தமில்லாதவையா?

சம்பந்தம் உண்டு, ஆனால் தலைகீழாகிவிட்டது. முன்பு ஆறு நமக்கு மின்சாரம் தந்தது. இப்போது ஆற்றை வீட்டுக்குக் கொண்டுவர நாம் மின்சாரம் கொட்டுகிறோம்.

பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கண்ணம்பாடியே 752தான். வாய்க்கால் வெட்டித் தானாக ஓடவிட வழியில்லை. சிவசமுத்திர அருவிக்கு மேலே சிவா அணைக்கட்டில் தண்ணீரைத் திருப்பி, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, அங்கும் ஹாரோஹள்ளியிலும் தாதகுனியிலுமாக மூன்று கட்டமாக ஏற்றுகிறார்கள். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். உயர வித்தியாசத்தோடு குழாய் உராய்வையும் சேர்த்தால் பம்புகள் தள்ளும் அளவு சுமார் 500 மீட்டர்.

கணக்குப் போடலாம். ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் ஏற்ற, பம்பு இழப்போடு சுமார் 1.8 யூனிட் ஆகும். அதே ஆயிரம் லிட்டர் சிவசமுத்திரத்தில் 100 மீட்டர் விழுந்தது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 0.23 யூனிட். எட்டுக்கு ஒன்று. அதுவும், நகரத்துக்குத் திருப்பிய தண்ணீர் அந்த விசையாழிப் பக்கமே போவதில்லை.

காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் 1974இல் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 222.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திறன். முழு அளவில் ஓட்டினால் மேற்படிக் கணக்கில் நாளுக்குச் சுமார் 40 லட்சம் யூனிட். சிவசமுத்திரத்தின் 42 மெகாவாட்டை இருபத்துநாலு மணி நேரமும் முழுமூச்சாக ஓட்டினாலும் 10 லட்சம் யூனிட்தான் வரும். நாலு சிவசமுத்திரம் சேர்ந்தால்தான் இந்த ஊருக்குத் தண்ணீர் காட்ட முடியும்.

விடியற்காலையில் காவிரி லைன் வால்வைத் திறந்தால் முதலில் குழாய் இருமும், காற்று சீறும், கொஞ்சம் கலங்கலாகச் சிந்தும். அப்புறம்தான் சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். நாலு பேர் உள்ள வீடு நாளுக்கு 540 லிட்டர் செலவழித்தால், அந்தத் தண்ணீர் நம் சம்ப்புக்கு வந்து சேரவே சுமார் ஒரு யூனிட் ஆகியிருக்கிறது. சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு நாம் ஏற்றும் செலவு அதற்கு முன்னால் கொசுறு.

1974க்கு முன்னால் பெங்களூர் எதைக் குடித்தது?

ஏரிகளையும் கிணறுகளையும். 1890களில் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி. இரண்டும் அர்க்காவதி ஆற்றில். அர்க்காவதி காவிரியின் கிளை ஆறு. ஆகவே காவிரிப் படுகைத் தண்ணீர் பெங்களூருக்குப் புதிதல்ல.

நாம் குடித்து முடித்த தண்ணீர் எங்கே போகிறது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. பெங்களூர் மேட்டில் இருப்பதால் கழிவும் பல பக்கம் வழிகிறது. மேற்குப் பகுதியுடையது விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரிக்கே திரும்புகிறது. அதற்குக் கீழே மேகதாட்டு, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர். கிழக்குப் பகுதியுடையது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போய் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாக எட்டிப்பார்க்கிறது. வர்த்தூர் ஏரி நுரை செய்தியில் வந்தால் பெங்களூரில் பேச்சு. கெலவரப்பள்ளியில் நுரை வந்தால் அது கிருஷ்ணகிரிக்காரர் பாடு. இந்த மனோபாவம் மாற வேண்டும்.

ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டு 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குப் பம்பு செய்யப்படுகிறது. 1902இல் காவிரியின் மின்சாரம் கோலாருக்குப் போனது. இப்போது காவிரியைக் குடித்த நகரத்தின் மிச்சம் போகிறது.

மேகதாட்டு அணை மின்சாரத்துக்கா, குடிநீருக்கா?

கர்நாடகம் முன்வைத்திருக்கும் திட்டத்தில் இரண்டும் இருக்கின்றன: 67.16 டிஎம்சி தேக்கம், 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்கு 4.75 டிஎம்சி குடிநீர். அந்த 4.75 என்ற எண் உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் வந்தது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் எடுத்த அளவுகோலை நீதிமன்றம் தள்ளிவைத்து, முழு நகரத்தையும் கணக்கில் கொண்டது. அதே தீர்ப்பில், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டியது 177.25 டிஎம்சி என்று ஆனது.

400 மெகாவாட் ஒரு வாதமாக எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாவகடா ஒன்றே அதைப்போல ஐந்து மடங்கு. தமிழ்நாட்டின் கவலை 67 டிஎம்சி தேக்கும் சாவி யார் கையில் என்பது. கர்நாடகத்தின் கவலை மழை தப்பிய வருஷம் பெங்களூர் என்ன செய்யும் என்பது. 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர் பின்னால் ஓடியவர்களுக்கு இரண்டாவது கவலையும் புரியும். நாம் இரண்டு பக்கத்திலும் கால் வைத்து நிற்பவர்கள். 1991லும் 2016லும் நடந்த காவிரிக் கலவரங்களில் அதற்கு என்ன விலை என்பதையும் பார்த்தவர்கள்.

சிவசமுத்திரம் போக நல்ல மாதம் எது? மின்நிலையத்தைப் பார்க்கலாமா?

ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை. கண்ணம்பாடி நிரம்பி, உபரி திறந்த செய்தி வந்த வாரம் போனால் இரண்டு அருவியும் முழு வீச்சில் இருக்கும். கனகபுரா, மலவள்ளி வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். ககனசுக்கி மண்டியா மாவட்டப் பக்கம், பார்வை மேடையிலிருந்து பார்ப்பது. பரசுக்கி சாமராஜநகர் மாவட்டப் பக்கம், படியிறங்கிக் கிட்டே போகலாம். இரண்டுக்கும் இடையே வண்டியில் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நேரம் ஒதுக்குங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், சுழல் கண்ணுக்குத் தெரியாது.

மின்நிலையம் இருக்கும் இடத்துக்கு உள்ளூரில் ‘பிளஃப்’ என்று பெயர். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கிடைத்தால், மேலே கால்வாய் வந்து முடியும் தொட்டியையும், அங்கிருந்து பாறைச் சரிவில் இறங்கும் தடித்த இரும்புக் குழாய்களையும் முதலில் பாருங்கள். இயந்திரங்கள் கீழே இருக்கின்றன.